சிவப்புக் கொம்பு

கெஞ்சனஅள்ளி எல்லையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அல்போன்ஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். செத்த கன்றுக்குட்டிகளைச் சாலையோரத்திலேயே புதைத்திருந்தார்கள். மேலே போட்ட மண் போதவில்லை.

"ஊரே வாயைத் தெறக்காதுன்னு சொன்னீங்க. நீங்க மூக்கையும் மூடிட்டீங்க. கேஸ் எப்படி சார் வெளங்கும்?" என்றாள் பின்சீட்டிலிருந்து இறங்கிய தீர்த்தம்மாள்.

அல்போன்ஸ் வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பொய்ச்சாட்சி எழுத மறுத்து, சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு வந்தவர் அவர். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறையும், 'துப்பறியும் நிலையம்' என்ற பலகையும் அவருக்கு உண்டு. தீர்த்தம்மாள் இண்டூர்க்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது, யாரோ ஒரு அதிகாரி போனில் பொய் சொல்வதைக் கேட்டுப் பொறுக்காமல் நடுவில் புகுந்து திருத்தினாள். அன்றோடு அந்த வேலை போயிற்று. அல்போன்ஸ் அவளைச் சேர்த்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் மாதம்மாள். அவள் கணவன் கருப்பண்ணன் மாட்டுத் தரகர். கர்நாடக எல்லையில் நடந்த மாட்டுச் சந்தையிலிருந்து ஒரு ஜோடிக் காளைகளை ஓட்டிவந்தார். அவர் வந்த மறுநாள் ஊரில் கோமாரி கண்டது. மாடுகளின் நாக்கிலும் குளம்பிலும் கொப்புளம் வெடித்தது. பால் மடியிலேயே வற்றியது. கன்றுகள் வரிசையாகச் செத்தன. ஊர் கூடி கருப்பண்ணனை அடித்து, கொட்டகையைக் கொளுத்தி, காளைகளைக் கல்குவாரிக்கு ஓட்டிப்போய்க் கொன்று போட்டது. இப்போது அவர் தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோய் பிடித்த மாட்டைத் தெரிந்தே ஊருக்குள் கொண்டுவந்தார் என்று போலீசில் புகாரும் அவர் மேல்தான் இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு பொய் சொல்லியும் மாட்டை வித்திருக்காரு. நான் இல்லேங்கல," என்று மாதம்மாள் சொல்லியிருந்தாள். "ஆனா நோவு புடிச்ச மாட்டை அவரு கையால தொட மாட்டாருங்க."

புருஷனின் பொய்யையும் சேர்த்துச் சொன்னதால்தான் அல்போன்ஸ் அவளை நம்பினார்.

*

பால் சொசைட்டி செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் காலி கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். நான்கு சீமைப் பசுக்கள் வைத்திருந்தவர். இப்போது ஒன்று மட்டும், அதுவும் சொசைட்டி வாசலில் படுத்த படுக்கையாக.

"ஊசி போட்டும் வந்துச்சாங்க?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

"கடத்தூர் டாக்டரம்மா வந்து ஊருக்கே போட்டாங்க. முதல் ஆளா என் மாட்டைத்தான் புடிச்சுக் கட்டினேன். ஊசி போட்ட மாட்டுக்கெல்லாம் கொம்புல செவப்புப் பெயிண்ட் அடிச்சாங்க. செவப்புக் கொம்பு இல்லாத மாட்டுப் பாலை ஊத்தாதேன்னு நானே சொல்லிட்டேன். எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சோம். அந்தப் பாவி ரெண்டு நாள் கழிச்சு சந்தை மாட்டை ஓட்டியாந்தான். எல்லாம் போச்சு."

"யார் மாடு முதல்ல படுத்துச்சு?"

"என் மாடுதான்."

"உங்க வூடு ஊர் நடுவுல. கருப்பண்ணன் வூடு எங்கே?"

"கடைசி. ஏரிக்கரைப் பக்கம்."

"அப்ப நோவு நடுவுல இருக்கற வூடெல்லாம் தாண்டி, உங்களை விசாரிச்சுக்கிட்டு நேரா உங்க வூட்டுக்கே வந்துருச்சுங்களா?" என்றாள் தீர்த்தம்மாள்.

ஸ்தனிஸ்லாஸ் எழுந்தார். "மாடு செத்தவன்கிட்ட எகத்தாளம் பேசாதம்மா. அவனுக்காகப் பேச வந்திருந்தா இப்படியே கிளம்பிடுங்க."

வெளியே வந்ததும் அல்போன்ஸ் கைக்குட்டையை அவிழ்த்தார். "கேள்வி சரி. கேட்ட இடம் தப்பு."

"நான் கேட்ட இடத்துலதான் சார் பதிலு இருந்துச்சு."

*

எரிந்த கொட்டகைக்கு அடுத்த வீடு ராயம்மாளுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. மூங்கில் படலுக்குப் பின்னால் இரண்டு பசுக்கள் கட்டியிருந்தன. ஒன்று நிறைசினை. இரண்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றன. வாயில் நுரையில்லை, காலில் நொண்டல் இல்லை. கொம்புகள் மட்டும் பளபளவென்று சிவந்திருந்தன.

அல்போன்ஸ் தொட்டியையும் பசுக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கருப்பண்ணன் காளைங்க இந்தத் தொட்டியில குடிச்சுதாங்க?"

"குடிச்சுது," என்றாள் ராயம்மாள். "வந்த அன்னிக்கி, மறுநா, கொண்டுபோயி கொன்ன அன்னிக்கிக் காலையிலயும் குடிச்சுது. கொள்ளு வெச்சா ஒரு பருக்கை வுடாமத் தின்னுச்சுங்க. வாய் வெந்த மாடு கொள்ளுத் திங்குமா?"

"இதை ஊர்ல சொன்னீங்களா?"

அவள் படலின் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். சொல்லவில்லை என்று அதற்கு அர்த்தம்.

தீர்த்தம்மாள் பசுவின் அருகே போய்க் கொம்பைத் தடவினாள். நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். பிறகு தெரு முனையில் இருந்த மாதா கோயிலைத் திரும்பிப் பார்த்தாள். திருவிழாவுக்காகப் புதிதாக வர்ணம் பூசிய கதவு வெயிலில் மின்னியது.

"சார், சொசைட்டிக்காரரு மாட்டுக் கொம்பு செங்கல் நிறத்துல மங்கிக் கெடந்துச்சு. வர்ற வழியில பார்த்த மாடெல்லாம் அதே நிறம். இந்த மாடு மட்டும் மாதா கோயில் கதவுக்குத் தங்கச்சி மாதிரி இருக்குதே?"

ராயம்மாள் பசுவுக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றாள்.

"யாரும் உங்களை ஒண்ணும் செய்ய மாட்டாங்க," என்றார் அல்போன்ஸ். "உங்க மாட்டுக்கு ஊசி போடலை. அப்படித்தானே?"

"சினை மாடுங்க. ஊசி போட்டா கலைஞ்சிரும்னு பயந்து ரெண்டையும் உள்ளாறயே பூட்டி வெச்சுட்டேன். செவப்புக் கொம்பு இல்லாட்டி பாலு எடுக்க மாட்டேன்னு சொசைட்டியில சொல்லிட்டாங்க. கோயில் கதவுக்கு அடிச்ச பெயிண்டு டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு…" அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். "வெளிய சொன்னா கருப்பண்ணனுக்கு ஆனதுதான் எனக்கும் ஆவும். அடுத்த வூட்டு மனுசனை அடிக்கறப்போ கதவைச் சாத்திக்கிட்டு உள்ளாறதான் இருந்தேன்."

ஸ்கூட்டரை நோக்கி நடக்கும்போது அல்போன்ஸ் சொன்னார்: "சந்தைக் காளையோட ஒரே தொட்டியில குடிச்ச மாடு நல்லா நிக்குது. ஊர் நடுவுல, ஊசிக்கு முதல் ஆளா நின்ன மாடு முதல்ல விழுந்துச்சு. நோவு கருப்பண்ணன் பின்னால வரலை தீர்த்தம்."

"செவப்புக் கொம்புக்குப் பின்னால வந்துச்சு," என்றாள் அவள். இந்த முறை அதில் எகத்தாளம் இல்லை.

*

கடத்தூர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஜானகியம்மாள் அவர்களை நிற்க வைத்தே பேசினார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு முகாமைக்கூடத் தவறவிடாதவர் என்று பெயர் வாங்கியவர்.

"கருப்பண்ணன் கொண்டுவந்தது என்பதை நானே நிரூபிக்கப் போகிறேன். அந்தச் சந்தையிலும் கோமாரி இருந்தது. அங்கே படுத்த மாட்டு நாக்கிலிருந்தும், இந்த ஊர் மாட்டு நாக்கிலிருந்தும் தோல் எடுத்து பெங்களூருக்கு அனுப்பியிருக்கேன். முதல் டெஸ்டில் ரெண்டும் ஒரே வகைன்னு வந்தாச்சு. இப்ப வைரஸுக்குள்ள இருக்கற மரபு எழுத்தையே படிச்சுப் பார்க்கறாங்க. புது முறை."

"இன்னொரு பொருளையும் அனுப்பணும் டாக்டர்," என்றார் அல்போன்ஸ்.

"எது?"

"நீங்க போட்ட மருந்து."

ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அது கொல்லப்பட்ட வைரஸ். செத்தது நோயைக் கொடுக்காது. என் கையால போட்ட ஊசி சார் அது."

"அப்ப அனுப்பறதுல பயம் இல்லையே?"

அவர் கோபத்தோடு ஐஸ் பெட்டியைத் திறந்து, திறக்காத புட்டி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அனுப்பறேன். மருந்துக் கம்பெனிக்காரங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் அனுப்புவேன். மறைச்சுச் செய்யற பழக்கம் எனக்கு இல்லை."

அந்த நேர்மை எவ்வளவு தூரம் போய் அடிக்கும் என்று அப்போது அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

*

மாதம் ஒன்று போனது. முடிவு தயார் என்று தகவல் வந்த மறுநாள் மூவரும் அதிகாலை பஸ்ஸில் பெங்களூர் போனார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவர்களை வரவேற்ற டாக்டர் சவுரியப்பன் ஜானகியம்மாளுடன் கல்லூரியில் படித்தவர். சொந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. தோழியின் முகத்தை நேராகப் பார்க்காமல், ஜன்னல் கண்ணாடியில் எக்ஸ்ரே பிலிம் போன்ற ஒன்றை ஒட்டினார். மேலிருந்து கீழ்வரை ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள்.

"வைரஸுக்குள்ள நாலே நாலு எழுத்துதான். அதே நாலும் மாத்தி மாத்தி வரும். ஒவ்வொரு படியும் ஒரு எழுத்து. இது உங்க ஊர் மாட்டுல எடுத்தது." பக்கத்தில் இன்னொன்றை ஒட்டினார். "இது சந்தை மாட்டுல எடுத்தது. பாருங்க."

மேல் படிகள் ஒன்றாக வந்தன. பிறகு ஒன்று விலகியது. கீழே போகப் போக இன்னும் இன்னும் விலகின.

"ரெண்டும் ஒரே வகைதான். அதனாலதான் பழைய டெஸ்ட் ஒண்ணுன்னு சொல்லுச்சு. ஆனா ஒரே குடும்பம் இல்லை. சந்தை வைரஸ் ரெண்டு நாள்ல இவ்வளவு எழுத்து மாறி உங்க ஊருக்கு வந்திருக்க முடியாது."

"அப்ப கருப்பண்ணன்?" என்றார் அல்போன்ஸ்.

"அந்த ஆளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

ஜானகியம்மாள் ஜன்னலுக்கு அருகே போனார். "வேற எங்கிருந்தோ வந்திருக்கு. காற்றில் வந்திருக்கலாம். சேலம் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம்."

சவுரியப்பன் மூன்றாவது பிலிமை எடுத்தார். அதை ஒட்டவில்லை. ஊர் மாட்டின் பிலிம் மேலேயே வைத்துப் பிடித்தார். ஒரு கோடுகூட வெளியே துருத்தவில்லை. இரண்டு பிலிம்கள் இருக்கின்றன என்றே தெரியவில்லை.

"இது உன் புட்டியில இருந்தது ஜானகி."

ஜானகியம்மாள் பிலிமை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊருக்குள்ள சுத்தற வைரஸ் வருஷா வருஷம் மாறிக்கிட்டே இருக்கும்," என்று சவுரியப்பன் தொடர்ந்தார். "மருந்து செய்யறவங்க வெச்சிருக்கற வைரஸ் இருபது வருஷம் முன்னாடி எடுத்தது. ஐஸ்ல இருக்கறதால மாறாது. உங்க ஊர்ல வந்தது அந்தப் பழைய எழுத்தோடயே வந்திருக்கு."

"இருபது வருஷம் முன்னாடி காணாமப் போனவன், அதே வயசோட, அதே மீசையோட வாசல்ல வந்து நிக்கற மாதிரி," என்றாள் தீர்த்தம்மாள் மெதுவாக. "அவன் வெளியில எங்கயும் வாழல. எங்கயோ பூட்டி வெச்சிருந்து வுட்டிருக்காங்க."

"அதேதாம்மா."

"செத்த வைரஸுக்கும் அதே எழுத்துத்தானே இருக்கும்?" ஜானகியம்மாளின் குரல் உயர்ந்தது. "எழுத்து ஒத்துப்போனா உயிரோட இருந்துதுன்னு அர்த்தமா?"

"அதையும் பார்த்தேன். புட்டியிலிருந்து ரெண்டு சொட்டு எடுத்து, வளர்த்து வெச்ச செல்லு மேல விட்டேன். மறுநாள் ஒரு செல்லுகூட உயிரோட இல்லை. செத்தது எதையும் கொல்லாது ஜானகி. கம்பெனியில சரியாக் கொல்லாம புட்டியில அடைச்சிருக்காங்க."

ஜானகியம்மாள் தன் வலது கையைப் பார்த்தார். முகாமில் மாட்டுக்கு மாடு ஊசியைக் குத்திய கை. பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"முதல் மாடு ஸ்தனிஸ்லாஸ் மாடு," என்றார். "திமிறுச்சு. நான்தான் தட்டிக் கொடுத்துப் போட்டேன்."

தீர்த்தம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

கொஞ்சம் தண்ணீர் குடித்ததும் ஜானகியம்மாள் எழுந்தார். "மிச்சப் புட்டிகளை நிறுத்தணும். உடனே."

தருமபுரிக்கு டிரங்க் கால் கிடைக்க மாலை ஆகும் என்றார்கள். தீர்த்தம்மாள் போனை வாங்கி, எக்ஸ்சேஞ்சில் யாரையோ அக்கா என்றழைத்து, உடம்பு எப்படி, மாமியார் எப்படி என்று விசாரித்தாள். சற்று நேரத்தில் லைன் கிடைத்தது. மறுமுனையில் கால்நடைத் துறை மாவட்ட அதிகாரி. ஜானகியம்மாள் சொல்லிக்கொண்டே போனார். பிறகு சொல்வதை நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்தார்.

"மாவட்டக் கிடங்குல மிச்சம் இருந்த புட்டிகளைக் கம்பெனி வேன் வந்து எடுத்துப் போயிடுச்சாம். நான் போன் பண்ணிய மறுவாரமே. ஒண்ணுகூட இல்லையாம். எனக்கு ஒரு உத்தரவும் போட்டார், வாயைத் திறக்கக் கூடாதுன்னு."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

"திறக்கப் போறேன்."

*

மறுநாள் கெஞ்சனஅள்ளி சொசைட்டி வாசலில் ஜானகியம்மாள் நின்று சொன்னார். மருந்து கெட்டது, போட்டது நான், கருப்பண்ணன் மேல் குற்றமில்லை. மூன்றும் பச்சைத் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து அவர் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை. ஸ்தனிஸ்லாஸ் கல் எறிந்தவனைத் தடுத்தார்.

அல்போன்ஸ் எழுதிக் கொடுத்ததையும், சவுரியப்பன் கையெழுத்திட்ட அறிக்கையையும் பார்த்துவிட்டுப் போலீஸ் கருப்பண்ணன் மேல் இருந்த புகாரை மூடியது. அதைச் சொல்ல அல்போன்ஸும் தீர்த்தம்மாளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மாதம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து கணவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

கருப்பண்ணன் முழுவதும் கேட்டார். சந்தோஷப்படவில்லை.

"மாடு நல்ல மாடுன்னு நான் கத்துனேனுங்க. காலைப் புடிச்சுச் சொன்னேன். பொறந்ததுலருந்து அந்த ஊர்லதான் இருக்கறேன். என் பேச்சை ஒருத்தனும் கேக்கல. பெங்களூர்ல இருந்து பிலிம் வந்து சொன்னாக் கேக்கறாங்க."

அல்போன்ஸ் கையிலிருந்த அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்தனிஸ்லாஸ் வந்திருந்தார். பின்னால் ஊர்க்காரர்கள் சிலர். அவர்கள் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மாதம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். "கருப்பண்ணா, கம்பெனி மேல கேஸ் போடப் போறோம். ஊரே கையெழுத்துப் போட்டாச்சு. வக்கீலு உன் பேரும் இருந்தாத்தான் கேஸ் நிக்கும்ங்கறாரு. தப்பு கம்பெனியது, அடி வாங்குனது நீ. அதைக் காட்டுனா கோர்ட்டு மனசு எறங்கும்ங்கறாரு." மடித்த காகிதத்தைப் பிரித்தார். கட்டிலில் கிடந்த கைகளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மைப்பெட்டியை எடுத்தார். "கைநாட்டு வெச்சாக்கூடப் போதும்."

தீர்த்தம்மாள் அல்போன்ஸின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். கருப்பண்ணன் தலையை அசைத்து அவரை நிறுத்தினார்.

"வெக்கறேனுங்க," என்றார். "கம்பெனிக்காரன் செஞ்சது பெரிய பாவம். வெக்கறேன். அதே மாதிரி இன்னொரு காயிதமும் எழுதிட்டு வாங்க. என்னை அடிச்சது யாரு, கொட்டாயைக் கொளுத்துனது யாரு, மாட்டைக் குவாரிக்கு ஓட்டுனது யாருன்னு. நீங்களே எழுதுங்க, உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். ரெண்டுலயும் ஒரே நேரத்துல வெக்கறேன். இந்த வெரலு ரெண்டுக்கும் போதும்."

பின்னால் நின்றவர்களில் ஒருவன் மெதுவாக வெளியே நழுவினான். இன்னொருவன் அவன் பின்னால் போனான். ஸ்தனிஸ்லாஸ் மைப்பெட்டியை மூடினார்.

"கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

அவர் கேட்டுவிட்டு வரவேயில்லை. இரண்டாவது காகிதத்துக்குப் பயந்து ஊர் முதல் காகிதத்தையும் கொடுக்கவில்லை. கம்பெனி மேல் வழக்கே பதிவாகவில்லை. அல்போன்ஸ் பத்திரிகைகளுக்கு எழுதினார். ஒன்றும் வரவில்லை. ஜானகியம்மாளைச் சித்தேரி மலைக்கு மாற்றினார்கள். கருப்பண்ணனும் மாதம்மாளும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த ஆண்டு கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு வேறு ஒரு டாக்டர் கெஞ்சனஅள்ளிக்கு வந்தார். வேறு கம்பெனி மருந்து. பரிசோதித்த, நல்ல மருந்து. மாலைவரை காத்திருந்தார். ஒரு மாடுகூட வரவில்லை.